என்கிற

ஊர் என்ற இடத்தில் பதினான்கு கட்டங்கள்.
கல்விக்கடன் மனுவில் ஊர் ஒன்று,
கல்லூரிக் கடிதத்தில் வேறொன்று,
அந்த மாசியில் தூதரகம் கொடுத்த தாளில் மூன்றாவது.
மேலாளர் சிவப்பு மையில் சுழித்திருந்தார்:
'மூன்றும் ஒரே ஊரா? விளக்கம் தேவை.'

உசிலம்பட்டிக் கிளை. சந்தை நாள்.
நகைக்கடன் வரிசை வாசல் தாண்டி வெயிலில் நின்றது.
பாண்டிச்செல்வி நின்றபடியே சொல்லத் தொடங்கினாள்,
பஸ்ஸுக்கு வழி சொல்வதுபோல.

முதல்ல அது வெர்பினித்ஸா, மேடம்.
வெர்பான்னா மரம். ஆத்தோரம் நிக்கும்,
கிளை தண்ணியைத் தொடும்.
(என் ஊர்ப் பெயரிலும் ஒரு மரம் இருக்கிறது.
சொல்லவில்லை. வரிசை பெரிது.)

போலந்துப் பிரபு வந்தார்,
மரத்தைத் தன் நாக்குக்கு வளைத்தார்: வியெஜ்ப்னித்சா.
வியாழச் சந்தை அவர் போட்டது.
பாதிக் கடை யூதர்களுடையது.
அவர்கள் வீட்டுக்குள் அது வெர்ப்னிட்ஸ்.
பிறகு ஜார் மன்னர். பிறகு சர்க்கரை ஆலை.

'கரும்பா?' என்றார் வரிசையில் இருந்த
அலங்காநல்லூர்க்காரர்.
'கிழங்கு. வெள்ளையா, முள்ளங்கி மாதிரி.'
அவர் நம்பவில்லை.

ஆலையில் செங்கொடி ஏறியதும்
ஊர் கிராஸ்னோசவோத் ஆனது.
அந்தப் பெயரில்தான் ஒரு வருஷம்
வீடு வீடாகத் தானியம் அள்ளினார்கள்,
விதைக்கு வைத்திருந்தது உட்பட.
எங்க ஹாஸ்டலுக்கு எதிர்த்தெருவில் எட்டு வீடு, மேடம்.
எட்டிலும் இருப்பவர்கள் பிறகு வந்தவர்கள்.

பிறகு ஜெர்மானியர்.
பாதிக் கடைக்காரர்களை ஒரே காலையில்
செங்கல் சூளைப் பள்ளத்துக்கு நடத்திப்போனார்கள்.
அங்கே நிறுத்தி, ஸ்டேப்ளரை எடுத்து
இடம் மாற்றி வைத்தாள்.
'சந்தை இப்பவும் கூடுது.
திடல்ல பாதிலதான் கடை போடுறாங்க.
மறுபாதில ஏன் போடலைன்னு நான் கேக்கல.'

நான் போனப்ப பலகை புதுசு: வெர்பினித்ஸ்யா.
சாயங்கால வெயில் சாய்ஞ்சா
பெயின்ட்டுக்கு அடியில பழைய ஆலை தெரியும்.
சண்டை வந்த மூணாம் நாள்
பலகையையே கழற்றிட்டாங்க,
வர்றவனுக்கு வழி தெரியக்கூடாதுன்னு.
நாங்க பஸ் ஏறினப்ப
அதுக்குப் பேரே இல்ல, மேடம்.

எங்கள் வங்கிக்கும் இது மூன்றாவது பலகை.
பாஸ்புக்கில் ஒரு பெயர், ரப்பர் முத்திரையில் இன்னொன்று.
அதற்கு யாரும் விளக்கம் கேட்டதில்லை.

ஜாமீன்தாரர், தகப்பனார் மொக்கைச்சாமி,
போர்வெல் லாரியின் சேறு காயாத செருப்பு.
பழைய கையெழுத்தோடு புதியது ஒத்துப்போகவில்லை.
'பரவாயில்லை, ரேகை வையுங்கள்'
என்று மைப்பெட்டியைத் தள்ளினேன்.
கையை இழுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.
'ரேகை வைக்கிறதெல்லாம்
எங்க பாட்டன் காலத்தோட சரி.'

மேலாளர் நெல்லூர்க்காரர், அவருக்குத் தெரியாது.
எனக்குத் தெரியும்.
பெருங்காமநல்லூர் பஸ் எங்கள் வாசலில்தான் நிற்கிறது.
மைப்பெட்டியை மூடினேன்.

ஆறு எழுத்து. நான்கு நிமிடம்.
இந்தமுறையும் ஒத்துப்போகவில்லை.
ஒத்துப்போகிறது என்று எழுதி
நானே சுருக்கொப்பம் இட்டேன்.

வட்டி, குண்டு விழுந்த நாட்களுக்கும் ஓடியிருந்தது.
அதற்கு என்னிடம் பொத்தான் இல்லை.

விளக்கத்தை வெள்ளைத்தாளில் எழுதினேன்.
குற்றப்பத்திரிகைகளில் மட்டும் பார்த்த சொல்
கைக்கு வந்தது:

வெர்பினித்ஸா என்கிற வியெஜ்ப்னித்சா
என்கிற வெர்ப்னிட்ஸ்
என்கிற கிராஸ்னோசவோத்
என்கிற வெர்பினித்ஸ்யா

தலைகீழாகவே படித்துக்கொண்டிருந்தாள்.
'பலகை இல்லாத நாளு, மேடம்?'

இன்னொரு 'என்கிற' எழுதி
அரைவிரல் இடம் விட்டு
முத்திரை குத்தினேன்.
மேலாளர் நாளை அதைச் சுழிப்பார்.

டோக்கன் நாற்பத்தொன்று.